குலை கைக்கெட்டும் ஊர்

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒயின்ஷாப் ஊருக்கா போறீங்க?"

கலிபோர்னியாவின் சொனோமாவுக்குப் போகிறோம் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒயின் என்ற சொல் நம் ஊர்க் காதில் விழும் விதமே வேறு. பேருந்து நிலையத்துப் பின்சந்து, கம்பி வலைக்கு வெளியே நீளும் கைகள், இருட்டின பிறகு அந்தப் பக்கம் போகாதே என்ற எச்சரிக்கை. அந்தச் சொல்லோடு மூன்றரை வயதுப் பேத்தியைச் சேர்த்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

"அம்மா, அது திராட்சைத் தோட்டம் இருக்கிற ஊரும்மா. நம்ம சுருளிப்பட்டி மாதிரி."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார். கவலை அத்தோடு தீர்ந்தது. அப்பாதான் போனை வாங்கி, "என்ன ரகம் போட்டிருக்கான்னு பார்த்துச் சொல்லு தாயி" என்றார்.

அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன். மூன்று நாள் இருந்துவிட்டு வந்த பிறகு, அந்த ஊரைச் சொல்ல அதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கம்பம் பள்ளத்தாக்கில். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை, கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில். கலிபோர்னியா வந்து ஏழு வருடம் ஆகிறது. ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். சொனோமாவும் அதன் பக்கத்து ஒயின் ஊரான நாபாவும் காரில் இரண்டு மணி நேரத்துக்குள். அலுவலகத்தில் எல்லோரும் போய்வந்த கதை சொல்வார்கள். அவர்கள் சொன்ன கதைகளில் கோப்பையும் விலையும் பேரும் இருக்கும், கொடி இருக்காது. அதனால் எனக்கும் அது கொடி இருக்கிற ஊராகத் தோன்றவே இல்லை.

முதல் தடவை போனது இரண்டு வருடத்துக்கு முன்னால், நாபாவுக்கு. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நாபா பள்ளத்தாக்கு மொத்தமே ஏறத்தாழ 30 மைல் நீளம்தான், காலையில் போய் நாலு இடம் பார்த்துவிட்டு இரவு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். சனிக்கிழமை வேறு. 29-ஆம் எண் சாலையில் கார்கள் ஊர்ந்தன. முதலில் போன இடத்தில் 21 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடுவதில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நாங்கள் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது இடத்தில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் மகள் அழ ஆரம்பித்தாள். தூங்க வேண்டிய நேரத்தில் வெயிலில் இருந்தாள், விழித்திருக்க வேண்டிய நேரத்தில் காரில் தூங்கினாள். மூன்றாவது இடத்துக்குப் போகும் வழியில் வாந்தி. நாலாவது இடத்துக்குப் போகவே இல்லை. ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறையில் அவளுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, குழந்தையோடு வர வேண்டிய இடம் இது இல்லை என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவு தவறு. தப்பு ஊரில் இல்லை, நாங்கள் போட்ட கணக்கில் இருந்தது.

இந்தத் தடவை செப்டம்பர் நடுவில், வியாழன் முதல் சனி வரை. இரண்டு இரவு, ஒரே வீடு. ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் காலையிலோ மாலையிலோ. நடுப்பகல் தூக்கத்துக்கு. இங்கே செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் வடிந்து, பள்ளிகள் திறந்த பிறகான நாட்கள். பள்ளிக்கூடம் போகாத குழந்தை வீட்டில் இருக்கும்வரை கிடைக்கிற பெரிய சலுகை அது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினோம், அவள் தூக்கம் முழுக்கக் காரிலேயே கழியட்டும் என்று. ரிச்மண்ட் பாலம் ஏறி, 101 பிடித்து, 37-ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பினால் சான் பாப்லோ விரிகுடாவின் சதுப்பு நிலம் தொடங்குகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளைக் கொக்குகள், உப்பு வாடை. அங்கிருந்து வடக்கே 121-இல் ஏறியதும் கொஞ்ச தூரத்தில் முதல் கொடி வரிசை கண்ணில் பட்டுவிடும். கார்னெரோஸ் பகுதி அது. ஸ்பானிய மொழியில் செம்மறிக் கிடா என்று பொருள், ஒரு காலத்தில் ஆடு மேய்ந்த மேடுகள். விரிகுடாவிலிருந்து குளிர்காற்றும் மூடுபனியும் ஏறி வருவதால் பினோ நுவார், ஷார்டனே என்ற ஒயின் திராட்சை ரகங்கள் இங்கே நன்றாக வருகின்றன. கண்ணாடியை இறக்கினேன். காற்று முகத்தில் அறைந்தது. பின்சீட்டில் மகள் விழித்துக்கொண்டு, "தாத்தா தோட்டமா?" என்றாள். அவள் தாத்தா தோட்டத்தை நேரில் பார்த்தது எட்டு மாதக் குழந்தையாக. மற்றதெல்லாம் வீடியோ காலில் பார்த்ததுதான்.

சொனோமா ஊருக்கு நடுவில் ஒரு சதுக்கம் இருக்கிறது. எட்டு ஏக்கர். மரியானோ வயேஹோ என்ற மெக்சிகோத் தளபதி 1835-இல் அளந்து போட்டது. நாபாவை விட்டு இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்தச் சதுக்கமே போதுமான காரணம். பெரிய மரங்கள், வாத்துக் குளம், இரண்டு விளையாட்டுத் திடல். சுற்றி நாலு பக்கமும் கடை, ரொட்டி, ஐஸ்கிரீம். பெரியவர்கள் பார்க்க வந்ததும் குழந்தை விளையாட வந்ததும் ஒரே இடமாக அமைவது அபூர்வம். ஒருவர் ஊஞ்சல் ஆட்டினால் இன்னொருவர் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். நாங்கள் முறை வைத்துக்கொண்டோம்.

என் முறை வந்தபோது வடகிழக்கு மூலையிலிருக்கும் மிஷன் தேவாலயத்துக்குப் போனேன். மிஷன் என்பது பூர்வகுடி மக்களை மதம் மாற்றப் பாதிரிமார்கள் அமைத்த குடியிருப்பு. இது 1823-இல் கட்டத் தொடங்கியது. கலிபோர்னியாவின் 21 மிஷன்களில் கடைசியும் வடகோடியில் இருப்பதும் இதுதான். ஸ்பானியர் ஆட்சி முடிந்து மெக்சிகோவின் கீழ் எழுந்த ஒரே மிஷனும் இதுவே. பாதிரிமார்கள் பூசைக்கான ஒயினுக்குப் போட்ட கொடிதான் இந்த ஊரின் முதல் திராட்சை. இதைப் படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பன்னீர் திராட்சையையும் 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகத்தான் சொல்வார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா செய்தித்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

தேவாலயத்தின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு கருங்கல் நினைவுச் சுவர் இருக்கிறது. பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள், தயவுசெய்து நின்று பாருங்கள். மிஷனில் வேலை செய்து, அங்கேயே இறந்து, அங்கேயே புதைக்கப்பட்ட பூர்வகுடி மக்களின் பெயர்கள், 800-க்கும் மேல். கோஸ்ட் மிவோக், போமோ, வாப்போ, பாட்வின் இனத்தவர்கள். கல்லில் இருப்பது ஞானஸ்நானத்தில் கொடுத்த ஸ்பானியப் பெயர். அவர்கள் அம்மா வைத்த பெயர் இல்லை. நிறையப் பேர் குழந்தைகள். மகளின் சிரிப்புச் சத்தம் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. விரலால் சில பெயர்களைத் தடவிவிட்டுத் திரும்பினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

சதுக்கத்திலேயே கரடிக் கொடிக்கு ஒரு சிலை உண்டு. 1846 ஜூன் 14 அன்று அமெரிக்கக் குடியேறிகள் ஒரு கூட்டமாக வந்து வயேஹோவைப் பிடித்துக்கொண்டு, கரடி வரைந்த கொடியை இங்கே ஏற்றித் தனிக் குடியரசு என்று அறிவித்தார்கள். அது ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. கரடி மட்டும் இன்றைய மாநிலக் கொடியில் தங்கிவிட்டது. மகளுக்கு இந்தக் கதையில் பிடித்தது கரடி. "ஏன் சிங்கம் இல்ல?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வாடகை வீட்டுக்குப் போனோம். ஊரிலிருந்து பத்து நிமிடம், க்ளென் எலன் போகும் வழியில், ஒரு சிறு தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு அறைக் குடில். ஐந்து ஏக்கர் கொடி. தோட்டத்துக்காரர் அறுபதைத் தாண்டிய பெண், அவருடைய தாத்தா காலத்து நிலம். சாவியைக் கொடுத்துவிட்டு, கொடிக்குள் போகலாம், வரிசைக் கடைசியிலிருக்கும் பழத்தைக் குழந்தை தின்னலாம் என்றார். குக்கர் எடுத்து வந்திருந்தேன். தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே சமையல் யோசனை இதுதான்: ராத்திரி உணவகத்துக்குப் போகாதீர்கள். பகலெல்லாம் புதிய முகம் பார்த்த குழந்தைக்கு இரவில் பழகிய சோறு வேண்டும்.

மறுநாள் காலை எட்டு மணி. நம் ஊரில் இரவு எட்டரை, அப்பா சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் இருக்கும் நேரம். விரிகுடாப் பனி இன்னும் முழுக்க விலகவில்லை. மகளுக்கு ஸ்வெட்டர் மாட்டிக் கொடிக்குள் இறக்கிவிட்டேன், போனில் அப்பா.

அவள் நடந்தாள். நாலு எட்டு வைத்தவள் நின்றாள். அவள் மூக்குக்கு நேரே ஒரு குலை.

அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்கள் ஊரில் திராட்சை தலைக்கு மேல் இருக்கும். பந்தல் ஆறடி, ஏழடி உயரம். கீழே நிழல், மேலே இலை, நடுவில் தொங்கும் குலை. குழந்தைக்கு அது ஆகாயம் மாதிரி. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்பா தோளில் ஏறினால்தான் எட்டும். கை நீட்டிப் பறிப்பதற்குள் அவர் நடக்க ஆரம்பித்துவிடுவார், அடுத்த குலை வரும். இங்கே பந்தல் கிடையாது. கொடியை இடுப்பு உயரத்தில் ஒரு கம்பியில் படுக்கவைத்து, தளிரை நேராக மேலே ஏற்றிக் கட்டிவிடுகிறார்கள். வேலி மாதிரி நிற்கிறது. காய் தொங்குவது அடிக்கம்பியை ஒட்டி, தரையிலிருந்து மூன்றடியில். பெரியவர்கள் குனிய வேண்டும். மூன்றரை வயதுக் குழந்தை குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். அந்தத் தோட்டம் அவள் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

"பந்தல் எங்க தாயி?" என்றார் அப்பா.

"பந்தல் இல்லப்பா. வேலி மாதிரிதான்."

"அப்ப வெயில் காய்ல அடிக்குமே?"

"காலை வெயில் பட்டா நல்லதாம். மத்தியான வெயில் படுற பக்கம் மட்டும் இலைய விட்டு வச்சிருக்காங்க."

யோசித்தார். "மழை?"

மழை இல்லை. மே மாதத்தோடு நின்றுவிட்டால் அக்டோபர் வரை சொல்லிக்கொள்ளும்படி ஒரு சொட்டு விழாது. பழம் பழுக்கிற காலம் முழுக்கக் காய்ந்த வானம். பழுக்கும் நேரத்தில் பெய்து காய் வெடித்துப் போவதை எத்தனையோ வருடம் பார்த்த மனிதர் அப்பா. அவர் முகத்தில் அப்போது வந்ததைப் பொறாமை என்று சொல்ல மாட்டேன். நல்ல மண் பார்த்த விவசாயிக்கு வரும் ஒரு மௌனம். ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு அறுவடைதான் என்றதும் தெம்பாகிவிட்டார். எங்கள் பக்கம் கவாத்து செய்து ஏறத்தாழ நாலு மாதத்தில் பறிப்பு. குளிர்கால உறக்கம் என்பதே எங்கள் கொடிக்குத் தெரியாது.

மகள் ஒரு பழத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்பா குரலை உயர்த்தினார்: "மருந்தடிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேட்டியா?"

கேட்டிருந்தேன். சாம்பல் நோய்க்குக் கந்தகம் மட்டும்தான், அதையும் காய் நிறம் மாறத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்களாம். இருந்தாலும் பாட்டில் தண்ணீரில் கழுவித்தான் கொடுத்தேன். வாயில் போட்டாள், கண் சுருங்கியது. ஒயின் திராட்சை சாப்பிடும் திராட்சை மாதிரி இல்லை. சின்னது, தோல் கனம், கொட்டை நிறைய. சாறு கொஞ்சம்தான், ஆனால் சீனிப்பாகு மாதிரி இனிப்பு, பின்னால் ஒரு துவர்ப்பு. கொட்டையைத் துப்பிவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

அப்பாவின் கேள்விகள் நிற்கவில்லை. ஏக்கருக்கு எவ்வளவு? மூன்று, நாலு டன் என்றேன். தோட்டத்துக்காரர் முந்தின மாலை சொன்னது. "மூணு டன்னா? எப்படிக் கட்டுபடியாகும்?" அதிலும் கோடையில் பாதிக் காயைத் தாங்களே வெட்டிக் கீழே போட்டுவிடுகிறார்கள், மிச்சக் காய்க்குச் சத்து ஏறட்டும் என்று. இதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. வெட்டிப்போட்ட காயை நினைத்து அவருக்கு மனசு ஆறவில்லை. விலை கிலோவுக்கு இரண்டு டாலருக்கு மேல் என்றபோதுதான் கொஞ்சம் அமைதியானார். அந்த விலையும் இப்போது உறுதி இல்லை. மக்கள் ஒயின் குடிப்பது குறைந்துவருகிறது. 2024-இல் கலிபோர்னியாவில் ஒயின் ஆலைகளுக்குப் போன திராட்சை சுமார் 29 லட்சம் டன், அதற்கு முந்தைய இருபது வருடத்தில் அவ்வளவு குறைந்ததில்லை. வாங்க ஆளில்லாமல் கொடியிலேயே விட்ட தோட்டங்கள் சொனோமாவிலும் உண்டு. "அது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் சின்ஃபண்டேல் என்ற ரகத்தின் பழைய தோட்டம் ஒன்று. கம்பியே கிடையாது. ஒவ்வொரு கொடியும் தனியாக, தடித்த முண்டு மாதிரி, இடுப்பளவு உயரத்தில் கையை விரித்து நிற்கும். கேமராவைத் திருப்பிக் காட்டினேன். "வெட்டிவிட்ட முருங்கைக் கட்டை மாதிரி இருக்கே" என்றார். மகளுக்கு அவை குள்ள மாமாக்கள். ஒவ்வொருவருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே போனாள்.

அப்புறம் கூகைப் பெட்டி. தோட்டத்துக்கு நடுவே உயரக் கம்பத்தில் மரப்பெட்டி ஏற்றி வைத்திருக்கிறார்கள், கூகை வந்து குடியிருக்க. வேரைக் கடிக்கும் வளை எலிகளை அது ராத்திரியில் பிடித்துவிடும், விஷம் வைக்க வேண்டாம். நம் ஊரில் கூகை அலறினால் கதவைச் சாத்துவோம். இங்கே வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சொனோமாவில் இருந்த மூன்று நாளும் சாலையோரப் பெட்டிகளை எண்ணுவது மகளின் வேலையாகிவிட்டது. காரில் அழுகை இல்லாமல் போனதற்குப் பாதிக் காரணம் கூகைகள்.

வெள்ளிக்கிழமை காலையின் மிச்சம் ட்ரெயின்டவுனுக்கு. சதுக்கத்திலிருந்து தெற்கே பிராட்வேயில் ஒரு மைல். 1968-இலிருந்து ஓடும் குட்டி ரயில், உண்மை ரயிலில் கால் அளவு. இருபது நிமிடப் பயணம், குகை, பாலம், நடுவில் ஒரு பொம்மை ஊரில் நிறுத்தி ஆட்டுக்குத் தீனி போட விடுவார்கள். பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். வேறு விளக்கம் தேவையில்லை, மூன்று வயதுக்காரர்களுக்கு ரயிலும் ஆடும் ஒரே டிக்கெட்டில். இரண்டு தடவை போனோம்.

திரும்பும் வழியில் சதுக்கத்துக்குப் பக்கத்து வெல்லா பாலாடைக்கட்டிக் கடை. 1931-இலிருந்து இருக்கிறது. உலர்ந்த ஜாக் என்ற கட்டியின் மேல்தோலில் கோகோவும் மிளகும் எண்ணெயும் தடவி மாதக்கணக்கில் பழுக்கவைக்கிறார்கள். உடைத்தால் பனங்கற்கண்டு மாதிரி நொறுங்கும். மகள் அதை ரொட்டி இல்லாமலே தின்றாள்.

மாலை நாலு மணிக்கு, தூங்கி எழுந்த பிறகு, ஒரே ஒரு ஒயின் ஆலை. குழந்தைகள் வரலாமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டிருந்தோம். இதை மட்டும் மறக்காதீர்கள். சில இடங்களில் 21 வயதுக்கு மேல்தான், சில இடங்களில் புல்வெளியும் பந்தும் வைத்து வரவேற்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டு பெரியவர்களுக்கு ஒரு சுவைப்புத் தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்வதை யாரும் தவறாக நினைப்பதில்லை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதற்கென்றே பாத்திரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவும் இல்லை. கணவர் நாலு வகை சுவைத்தார். வண்டி ஓட்டுவது நான், அதனால் முகர்ந்து மட்டும் பார்த்தேன். பினோ நுவாரில் மழைக்குப் பிந்தைய தோட்டத்து மண் வாசம் இருந்தது.

அங்கே வேலை செய்யும் ஒருவர் மகளைப் பார்த்துவிட்டு, பழம் நொதிக்கிற இடத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்றார். உள்ளே கரியமில வாயு தேங்கும் என்பதால் வாசலைத் தாண்டி விடவில்லை. கணவர் மகளைத் தூக்கிக்கொண்டார். ஆள் உயரத் தொட்டி, மேலே தோலும் கொட்டையும் கெட்டியாக மிதந்து, உள்ளே குமிழி விடும் சத்தம். ஒருவர் மேலே நின்று நீளக் கோலால் அந்த ஆடையை உள்ளே அமுக்கிக்கொண்டிருந்தார்.

மகள் மூக்கைச் சுருக்கி, "தோசை மாவு" என்றாள்.

சரியாகச் சொன்னாள். புளித்த மாவின் அதே வாசம். ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்குமே, அதே எழும்பல். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று மூச்சுவிடுகின்றன, மூச்சு மேலே வருகிறது. அவர் கோலால் அமுக்குவதை நான் கரண்டியால் கலக்குவேன். இதை அந்த மனிதருக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் அரிசியா, பருப்பா, எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். மகளிடம் இனி ஒயின் என்றால் என்ன என்று கேட்டால், திராட்சை மாவு என்பாள். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை, திருத்தவும் போவதில்லை.

இந்தத் தொழிலின் பெருமையை 1857-இல் பூவேனா விஸ்டா ஆலையைத் தொடங்கிய ஹராஸ்தி என்ற ஹங்கேரியரிடமிருந்து தொடங்குவது இங்கே வழக்கம். அவர் 1861-இல் ஐரோப்பா போய் ஆயிரக்கணக்கான கொடிக்குச்சிகளைக் கொண்டுவந்தது உண்மை. அவருடைய மலைக்குகைக் கிடங்குகளைக் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள் என்பதும் உண்மை. 1882-இல் சட்டம் போட்டுச் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தார்கள். இப்போது அந்த வேலையை மெக்சிகோக்காரர்கள் செய்கிறார்கள். அவர்களை நான் பார்த்தது அன்று ராத்திரி.

மூன்று மணி இருக்கும். வண்டிச் சத்தத்தில் விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே தோட்டம் வெளிச்சமாக இருந்தது. தோட்டத்துக்காரர் சொல்லியிருந்தார், இன்று ராத்திரி பறிப்பு என்று, எனக்குத்தான் மறந்துவிட்டது. இங்கே நல்ல பழத்தை இருட்டில்தான் பறிக்கிறார்கள். குளிரில் பழம் கெட்டியாக இருக்கும், நசுங்காது, ஆலைக்குப் போகுமுன் தானாகப் புளிக்காது. பறிப்பவர்களுக்கும் வெயில் இல்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். நல்ல குளிர்.

டிராக்டரில் கட்டிய விளக்கு வரிசையில் ஊர்ந்தது. அதன் இரண்டு பக்கமும் பதினைந்து, இருபது பேர், நெற்றியில் விளக்கு, கையில் வளைந்த கத்தி. குனிந்து வெட்டிக் கூடையில் போட்டு, கூடை நிறைந்ததும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நடக்கவில்லை, ஓடுகிறார்கள். ஸ்பானிய மொழியில் ஒருவர் ஏதோ சொல்ல, நாலு வரிசை தள்ளி ஒரு பெண் பதில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சொல் புரியவில்லை, சிரிப்பு புரிந்தது. எங்கள் தோட்டத்தில் பறிப்பு விடியலில் தொடங்கும். பெண்கள் அண்ணாந்து வெட்டுவார்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். இவர்கள் குனிகிறார்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். குழந்தைக்குக் கைக்கெட்டிய உயரம் இவர்களுக்கு ராத்திரி முழுக்கக் குனியும் உயரம். காலையில் அந்த உயரத்தைக் கொண்டாடிய எனக்கு இது தோன்றவே இல்லையே என்றிருந்தது.

விடியும்போது முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டிகள் ஏற்றிய லாரியும் போய்விட்டது.

மகள் எழுந்து நேரே தோட்டத்துக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன். முதல் வரிசை காலி. இரண்டாவது காலி. இலை மட்டும் அப்படியே இருந்தது. "எங்கம்மா போச்சு?" என்று உதடு பிதுங்கியது. திராட்சை மாவு செய்ய எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கொடியாகக் குனிந்து இலையை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதற்குள் தோட்டத்துக்காரர் காபிக் கோப்பையோடு வந்துவிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, கண் சிவந்திருந்தது. தூரத்து மேட்டில் பாதி கருகிய ஓக் மரம் ஒன்றைக் காட்டி, 2017 அக்டோபரில் காட்டுத்தீ அதுவரை வந்தது, அந்த வருடப் பறிப்பு அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் முடிந்திருந்தது என்றார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் கடைசி லாரி போகும்வரை தூக்கம் வருவதில்லையாம். செப்டம்பர், அக்டோபரில் இங்கே வருகிறவர்கள் கிளம்புமுன் தீ, புகை நிலவரம் பார்த்துக்கொள்ள வேண்டும், அதிலும் குழந்தை இருந்தால். அவர் அதை ஒரு பாட்டியின் அக்கறையோடு சொன்னார்.

ஆறாவது வரிசையில் மகள் கூவினாள். இலைக்கடியில் ஒரு குட்டிக் குலை, இருபது பழம் இருக்கும், பறிப்பில் தப்பியது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். தோட்டத்துக்காரர் தலையசைத்தார்.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவள் குலையைக் கேமராவுக்குள் திணித்தாள், திரை முழுக்கக் கருநீலம்.

"பறிப்புல தப்புன குலை பிள்ளைகளுக்குத்தான்" என்றார் அப்பா. "உங்கம்மாவும் இப்படித்தான் பொறுக்குவா. ஆனா அவளுக்கு எட்டாது, என்னையக் கூப்பிடுவா."

"எனக்கு எட்டுது தாத்தா" என்றாள்.

"இங்க வந்தா எட்டாது தாயி. நான்தான் தூக்கிவிடணும்."

அவள் அதை யோசித்தாள். பிறகு குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து போன் திரையில் அவர் வாய் இருக்கும் இடத்தில் வைத்து அழுத்தினாள். சாறு வழிந்து என் மணிக்கட்டு வரை வந்தது. துடைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்தப் பக்கம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.